மன்னரை மதித்தவர், மனச்சாட்சியைக் காத்தவர்

பள்ளி மணி ஒலித்ததும் வரிசையில் நிற்கிறோம். கொடியேற்றத்தின்போது அசையாமல் நின்று நாட்டுப்பண் பாடுகிறோம். வீட்டிலே அப்பா வரி செலுத்துகிறார். தேர்தல் நாளன்று அம்மா விரலில் மையோடு திரும்பி வருகிறார். பதினெட்டு வயது நிறைந்ததும் நமக்கும் அந்த உரிமை வரும். இவையெல்லாம் அதிகாரத்தை மதிக்க நாம் கற்றுக்கொள்ளும் சின்னஞ்சிறு பாடங்கள் அல்லவா?

ஆனால் இந்தப் பாடத்தில் கடினமான கேள்வி ஒன்றும் உண்டு. நம்மை ஆள்பவரே கடவுளுக்கு ஒவ்வாத ஒன்றைச் செய்யும்படி கட்டளையிட்டால் என்ன செய்வது?

நம் ஆண்டவர் வரிப்பணமாகிய நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, அரசனுக்கு உரியதை அரசனுக்கும் கடவுளுக்கு உரியதைக் கடவுளுக்கும் செலுத்தப் பணித்தார். ஆளும் அதிகாரம் கடவுளிடமிருந்தே வருகிறது, ஆகவே தண்டனைக்கு அஞ்சி மட்டுமன்றி மனச்சாட்சியின் பொருட்டும் பணிந்திருக்க வேண்டும் என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதினார். அரசனை மதிக்கும்படி புனித இராயப்பரும் தம் நிருபத்தில் கற்பித்தார். சின்னப்பர் இதை எழுதியபோது உரோமையில் ஆண்டவன் கொடியவனாகிய நீரோ என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது! ஆனால் இதே இராயப்பர், இயேசுவின் பெயரைச் சொல்லிப் போதிக்கக் கூடாதென்று எருசலேமின் தலைமைச் சங்கம் தடுத்தபோது, மனிதரைவிடக் கடவுளுக்கே முதலில் கீழ்ப்படிய வேண்டும் என்று துணிந்து மறுத்தார்.

இவ்விரண்டு போதனைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையா? இதற்கு விடையாகத் தம் வாழ்வையே தந்தவர் ஒருவர் உண்டு. அவர் குருவுமல்லர், துறவியுமல்லர். குடும்பத் தலைவர், வழக்கறிஞர், அரசாங்க அதிகாரி. நான்கு பிள்ளைகளின் தந்தை. அவர்தாம் புனித தாமஸ் மோர்.

பணிவைக் கற்ற இளமை

1478ஆம் ஆண்டு, லண்டன் மாநகரில் ஜான் மோர் என்னும் வழக்கறிஞரின் மகனாகத் தாமஸ் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில், காண்டர்பரி பேராயராகவும் அரசின் முதன்மை அதிகாரியாகவும் விளங்கிய ஜான் மோர்ட்டனின் மாளிகையில் ஏவலராகச் சேர்ந்தார். பந்தியில் பரிமாறுவதும் பெரியோர் பேசுவதைக் கேட்டறிவதும் அவருடைய வேலை. பின்னர் ஆக்ஸ்போர்டில் இலத்தீனும் கிரேக்கமும் கற்றார். தந்தையின் விருப்பத்திற்கிணங்கச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

அவருடைய உள்ளம் துறவற வாழ்வையும் நாடியது. சுமார் நான்கு ஆண்டுகள் லண்டனில் கார்த்தூசியன் துறவிகளின் மடத்தையொட்டி வாழ்ந்து, அவர்களுடைய செபத்திலும் தவத்திலும் பங்கு பெற்றார். முடிவில் தமக்குரிய அழைத்தல் இல்லறமே எனத் தெளிந்து, 1505இல் ஜேன் கோல்ட் என்பவரை மணந்தார். எனினும் துறவிகளிடம் கற்ற தவத்தை அவர் கைவிடவில்லை. பட்டாடைக்கு உள்ளே உடலை உறுத்தும் உரோமச் சட்டையை வாழ்நாள் முழுதும் அணிந்திருந்தார். இந்த இரகசியத்தை அறிந்தவர் மிகச் சிலரே.

1504இல் இளம் வயதிலேயே பாராளுமன்ற உறுப்பினரானபோது, ஏழாம் ஹென்றி மன்னர் கேட்ட பெருந்தொகை மக்களுக்குப் பாரமாகும் என்று எடுத்துரைத்தார். அதனால் சினந்த மன்னர் ஏதோ சாக்குச் சொல்லி அவருடைய தந்தையைச் சிறையிலிட்டு, 100 பவுன் அபராதம் வாங்கிய பின்னரே விட்டார் என்று மோரின் மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதிய வரலாறு கூறுகிறது. உண்மையைச் சொல்வதற்கு விலை உண்டு என்பதை மோர் அன்றே கற்றுக்கொண்டார்.

பெண்மக்களுக்குக் கல்வி தந்த தந்தை

மோரின் இல்லத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் பெண்கள் பள்ளி மலருக்கே குறையாகும்! மார்கரெட், எலிசபெத், சிசிலி, ஜான் என அவருக்கு நான்கு பிள்ளைகள். 1511இல் ஜேன் இறந்ததும், பிள்ளைகளுக்குத் தாய் வேண்டுமே என்று ஆலிஸ் என்னும் கைம்பெண்ணை விரைவில் மணந்தார்.

பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று உலகம் கேட்ட காலம் அது. மோரோ மகனுக்குத் தந்த கல்வியை மகள்களுக்கும் ஒரு குறைவுமின்றித் தந்தார். இலத்தீன், கிரேக்கம், தர்க்கம், வானநூல் எல்லாம் அவ்வீட்டுப் பெண்கள் கற்றனர். வெளியூரில் அரச அலுவலில் இருக்கும்போதும் மகள்கள் இலத்தீனில் கடிதம் எழுத வேண்டும் என்று கேட்பார். மூத்தவள் மார்கரெட் பேரறிஞர் எராஸ்மஸின் கர்த்தர் கற்பித்த செப விளக்கத்தை இலத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தாள். அந்நூலில் அவளுடைய பெயர் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி மொழிபெயர்த்தது என்ற குறிப்பு மட்டும் உண்டு. அந்தக் காலத்தில் அதுவே அரும்பெரும் புதுமை.

பதவியின் உச்சியில்

மோரின் புகழ் வளர்ந்தது. 1516இல் அவர் எழுதிய யுட்டோப்பியா என்னும் நூல் ஐரோப்பிய அறிஞரிடையே பரவியது. எட்டாம் ஹென்றி மன்னர் அவரை அரசவைக்கு அழைத்து நண்பராக்கிக் கொண்டார். மன்னர் செல்சியிலிருந்த மோரின் வீட்டுக்கு வந்து, அவருடைய தோளில் கைபோட்டுக்கொண்டு தோட்டத்தில் உலவுவாராம். ஆனால் மோர் ஏமாறவில்லை. தம் தலையைக் கொடுத்தால் பிரான்சில் ஒரு கோட்டை கிடைக்குமென்றால் மன்னர் அந்தத் தலையை வாங்கத் தயங்கமாட்டார் என்று மருமகனிடம் சிரித்துக்கொண்டே கூறினார்.

1523இல் பாராளுமன்றத்தின் சபாநாயகரானபோது, உறுப்பினர்கள் அச்சமின்றித் தங்கள் உள்ளத்தில் உள்ளதைப் பேச அனுமதிக்க வேண்டும் என்று மன்னரிடமே பணிவோடு வேண்டினார். அதிகாரியின் முகத்துக்கு முன் உண்மையைப் பேசுவதும் அவருக்குச் செய்யும் மரியாதையே என்பது மோரின் எண்ணம்.

1529 அக்டோபரில் அவர் லார்டு சான்சலர் ஆனார். அரசருக்கு அடுத்த நிலையிலிருந்த பெரும் பதவி அது. நாட்டின் முத்திரையும் நீதியும் அவர் கையில் இருந்தன. அப்பதவியில் அமர்ந்த பின்னரும், வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தம் வயது முதிர்ந்த தந்தை நீதிபதியாக அமர்ந்திருப்பதைக் கண்டால் எல்லோர் முன்னிலையிலும் முழந்தாளிட்டு ஆசீர் பெற்ற பின்னரே தம் நீதிமன்றத்துக்குச் செல்வார். சீமாட்டி ஒருத்தி, தன் வழக்கில் நீதி வழங்கியதற்காகப் புத்தாண்டுப் பரிசாகக் கையுறைக்குள் 40 பவுன் பொற்காசுகளை வைத்துக் கொடுத்தாள். பெண்மணியின் மனம் நோகாதபடி கையுறையை மட்டும் ஏற்றுக்கொண்டு, காசுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இங்கே ஓர் உண்மையை நாம் மறைக்கலாகாது. மோர் சான்சலராக இருந்த காலத்தில் ஆறு பேர் தப்பறைக் குற்றத்துக்காக எரிக்கப்பட்டனர். அந்தச் சட்டம் சரியானதே என்று மோர் நம்பினார், அதை ஆதரித்து எழுதவும் செய்தார். இது நம் உள்ளத்தை வருத்துகிறது. புனிதர்களும் தங்கள் காலத்தின் இருளிலிருந்து முற்றும் விடுபட்டவர்கள் அல்லர். யாரையும் விசுவாசத்தின் காரியத்தில் வற்புறுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகப் போதித்தது. பிறருடைய மனச்சாட்சியை வற்புறுத்திய அரச அதிகாரம், சில ஆண்டுகளில் மோரின் மனச்சாட்சியின் கதவையே தட்டியது.

ஒரே ஒரு சத்தியம்

ஹென்றி மன்னருக்கும் கத்தரீன் அரசிக்கும் பிறந்து பிழைத்த குழந்தை மேரி இளவரசி மட்டுமே. ஆண் வாரிசை விரும்பிய மன்னர், அத்திருமணம் செல்லாதென அறிவித்து ஆன் பொலினை மணக்க விரும்பினார். பாப்பரசர் ஏழாம் கிளமெண்ட் இசையவில்லை. ஆகவே இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவர் என்று கூற மன்னர் முற்பட்டார். 1532 மே 15ஆம் நாள் குருக்கள் மன்றம் மன்னருக்குப் பணிந்தது. மறுநாளே மோர் முத்திரையை மன்னரிடம் ஒப்படைத்துப் பதவி விலகினார். பதவியில் இருந்துகொண்டே சதி செய்யவில்லை. வெளியே வந்து கலகமும் செய்யவில்லை.

வருமானம் குறைந்தது. பிள்ளைகளை அழைத்து, படிப்படியாக ஏறி வந்தோம், இனிப் படிப்படியாக இறங்குவோம், ஒன்றுமே இல்லாமற் போனால் கிருபைதயாபத்துப் பாடிக்கொண்டு வீடுவீடாகச் சேர்ந்தே பிச்சைக்குப் போவோம் என்ற கருத்துப்பட வேடிக்கையாகப் பேசித் தேற்றினார்.

அந்நாளில் கெண்ட் நாட்டுக் கன்னிகை ஒருத்தி மன்னருக்கு எதிராகத் தரிசனங்கள் கண்டதாகக் கூறி வந்தாள். அரசருடைய காரியங்களைப் பற்றிப் பிறரிடம் பேச வேண்டாம் என்று மோர் அவளுக்குக் கடிதம் எழுதினார். மன்னரின் செயல் தவறென்று தம் உள்ளத்தில் தெளிந்திருந்தவர், மன்னருக்கு எதிராக மக்களைத் தூண்டும் பேச்சை இப்படித் தடுத்தார்!

1534இல் வாரிசுரிமைச் சட்டம் வந்தது. ஆன் அரசியின் பிள்ளைகளே அரியணைக்கு உரியவர் என்று அனைவரும் சத்தியம் செய்ய வேண்டும். ஏப்ரல் 13ஆம் நாள் மோர் லாம்பெத் மாளிகைக்கு அழைக்கப்பட்டார். சட்டத்தையும் சத்தியத்தின் வாசகத்தையும் நிதானமாக வாசித்தார். அரியணைக்கு வாரிசு யார் என்பதை முடிவு செய்யப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அதை மட்டும் சத்தியம் செய்யத் தாம் தயார் என்றார். ஆனால் முதல் திருமணம் செல்லாது என்பதையும், பாப்பரசரின் அதிகாரத்தை மறுப்பதையும் உள்ளடக்கிய அந்தச் சத்தியத்தைச் செய்ய மறுத்தார்.

அன்பு மாணவிகளே, இந்த இடத்தைச் சற்று நின்று கவனிப்போம். எல்லாவற்றையும் மறுத்திருந்தால் அது மன்னர்மீது கொண்ட வெறுப்பாகியிருக்கும். எல்லாவற்றுக்கும் தலையசைத்திருந்தால் கோழைத்தனமாகியிருக்கும். அரசுக்கு உரியது எது, கடவுளுக்கு உரியது எது என்று ஆண்டவர் கையில் எடுத்த அந்த நாணயத்தை மோரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உரியதைக் கொடுத்தார். உரிமையில்லாததை மட்டும் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 17ஆம் நாள் அவர் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். அதே காரணத்துக்காக ரோச்செஸ்டர் ஆயர் ஜான் பிஷரும் அங்கே அடைக்கப்பட்டார்.

தந்தையும் மகளும்

சிறையில் மோரை அதிகம் வாட்டியது குளிரோ நோயோ அன்று, அருமை மகளின் கண்ணீரே. மார்கரெட் கடவுளின் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு என்ற நிபந்தனையைச் சேர்த்துச் சத்தியம் செய்திருந்தாள். ஆயர்களும் அறிஞர்களும் செய்துவிட்ட சத்தியத்தை அப்பாவும் செய்தால் வீடு திரும்பலாமே என்று அவள் கெஞ்சினாள். மோர் அசையவில்லை. ஆனால் மகளைக் கடிந்துகொள்ளவுமில்லை, அவளும் தம்மைப் போலவே மறுக்க வேண்டும் என்று வற்புறுத்தவுமில்லை. சத்தியம் செய்த எவரையும் அவர் குறை கூறவில்லை. தம் ஆன்மாவை இன்னொருவருடைய முதுகில் ஏற்றி அனுப்ப முடியாது என்பதையே அவளுக்கு விளக்கினார். எழுதுகோல் கிடைக்காத வேளைகளில் கரித்துண்டால் அவளுக்குக் கடிதம் எழுதினார்.

1535 மே 4ஆம் நாள், இளமையில் தம்மை ஈர்த்த கார்த்தூசியன் மடத்துத் துறவிகள் கொலைக்களம் கொண்டுசெல்லப்படுவதைச் சிறைச் சன்னல் வழியே மோரும் மார்கரெட்டும் பார்த்தனர். அவர்கள் மணமகன்கள்போல் மகிழ்ச்சியுடன் செல்வதை மகளுக்குச் சுட்டிக் காட்டினார். ஜூன் 22ஆம் நாள் ஆயர் பிஷரின் தலை வீழ்ந்தது.

ஜூலை 1ஆம் நாள், தாம் தந்தையிடம் ஆசீர் பெற்ற அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் மோர் குற்றவாளியாக நின்றார். மன்னருடைய தலைமைப் பட்டத்தை மறுத்து அவர் எங்கும் பேசியதில்லை, மௌனமாகவே இருந்தார். மௌனத்தைத் தண்டிக்கச் சட்டம் இல்லை. ஆகவே ரிச்சர்ட் ரிச் என்பவர், சிறையில் மோர் தம்மிடம் அப்படிப் பேசினார் என்று சாட்சி சொன்னார். அது பொய் என்று மோர் உறுதியாக மறுத்தும் பயனில்லை. தீர்ப்பு வந்த பிறகே அவர் வாய் திறந்து, அகில உலகத் திருச்சபையின் சட்டத்தை ஒரு நாட்டின் பாராளுமன்றம் மாற்ற முடியாது என்றார். முடியப்பர் கொல்லப்படச் சம்மதித்து நின்ற சின்னப்பரும் முடியப்பரும் இன்று மோட்சத்தில் நண்பர்களாக இருப்பதுபோல, தமக்குத் தீர்ப்பிட்ட நீதிபதிகளையும் அங்கே மகிழ்ச்சியோடு சந்திக்கச் செபிப்பதாகக் கூறி முடித்தார்.

சிறைக்குத் திரும்பும் வழியில், ஈட்டி ஏந்திய காவலரைப் பிளந்துகொண்டு மார்கரெட் ஓடிவந்து தந்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆசீர் பெற்று விலகிச் சென்றவள், மனம் தாங்காமல் மீண்டும் ஓடிவந்து தழுவினாள். சுற்றி நின்றவர் பலர் அழுதனர். மரணத்துக்கு முந்திய நாள் எழுதிய கடைசிக் கடிதத்தில், மகளின் அந்த அன்பு தமக்கு மிகவும் பிடித்திருந்தது என்று மோர் குறிப்பிட்டார். தம் உரோமச் சட்டையையும் அவளிடமே அனுப்பிவைத்தார்.

கடைசிக் கட்டளை

1535 ஜூலை 6ஆம் நாள் அதிகாலை, அன்றே மரணம் என்ற செய்தியை ஓர் அதிகாரி கொண்டுவந்தார். கொலைமேடையில் அதிகம் பேசக் கூடாதென்பது மன்னரின் விருப்பம் என்றும் தெரிவித்தார். மோர் சிறிது பேச எண்ணியிருந்தார். ஆயினும் அது மன்னரின் விருப்பமானால் அதற்கும் பணிவதாகச் சொன்னார்!

எவ்வளவு ஆச்சரியம்! தம் உயிரைப் பறிக்கும் மன்னர் இட்ட கடைசிக் கட்டளையையும் அவர் மீறவில்லை. ஏனெனில் அதில் பாவம் எதுவும் இல்லை. மன்னர் கேட்ட மௌனத்தைக் கொடுத்தார், பொய்ச் சத்தியத்தை மட்டும் கொடுக்கவில்லை.

ஆட்டங்கண்டிருந்த மேடையில் ஏறக் கைகொடுக்கும்படி கேட்டு, இறங்குவதைத் தாமே பார்த்துக்கொள்வதாக நகைச்சுவையோடு சொன்னார். தாம் மன்னரின் நல்ல ஊழியராகவும், அதற்கு மேலாகக் கடவுளின் ஊழியராகவும் இறப்பதாகச் சுருக்கமாக அறிவித்துத் தலையைக் கொடுத்தார்.

அவருடைய தலை லண்டன் பாலத்தின்மேல் குத்திவைக்கப்பட்டது. மார்கரெட் அதை மீட்டுப் பத்திரமாகப் பாதுகாத்தாள். 400 ஆண்டுகள் கழித்து, 1935 மே 19ஆம் நாள் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் தாமஸ் மோருக்கும் ஜான் பிஷருக்கும் புனிதர் பட்டம் அளித்தார். இருவருக்கும் ஜூன் 22 திருநாள். 2000ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், மோரை ஆட்சியாளர்க்கும் அரசியல்வாதிகளுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். மன்னரைத் தலைவராக ஏற்ற இங்கிலாந்துத் திருச்சபையும் இன்று தன் நாட்காட்டியில் அவரை நினைவுகூருகிறது.

நமக்குரிய பாடம்

மோரின் வாழ்வைக் காட்டி, எனக்குப் பிடிக்காத விதிக்கு நான் கீழ்ப்படியமாட்டேன் என்று நம்மில் யாரும் சொல்லிவிட முடியாது. பிடிவாதமும் சிலவேளை மனச்சாட்சியின் உடையை உடுத்திக்கொண்டு வரும். இரண்டையும் பிரித்தறிய அவருடைய வாழ்வே உரைகல்.

மோர் முப்பது ஆண்டுகள் எல்லா நியாயமான கட்டளைக்கும் பணிந்தார். அதனால்தான் ஒரே ஒருமுறை அவர் மறுத்தபோது அந்த மறுப்புக்கு மதிப்பு இருந்தது. அவர் அவசரப்படவில்லை, பல ஆண்டுகள் நூல்களை ஆராய்ந்தார், செபித்தார். தம் மறுப்பின் விலையைத் தாமே செலுத்தினார், பிறர்மேல் சுமத்தவில்லை. மறுத்த பின்னும் மன்னரைச் சபிக்கவில்லை, அவருக்காகச் செபித்தார். பிடிவாதம் இவ்வளவு பொறுமையாக இராது. அது இலாபத்தைத் தேடும், கூட்டம் சேர்க்கும், வசைபாடும்.

மறுபக்கமும் உண்டு. தேர்வில் பார்த்து எழுதிவிட்டு எல்லாரும் எழுதுகிறார்கள் என்கிறோம். பொய்க் கணக்கில் கையெழுத்திட்டுவிட்டு மேலிடத்து உத்தரவு என்கிறார்கள் பெரியவர்கள். மோருக்கும் அந்தச் சாக்குகள் இருந்தன. எல்லாரும் சத்தியம் செய்திருந்தார்கள், உத்தரவும் மிக உயர்ந்த இடத்திலிருந்தே வந்தது. ஆனால் கடவுளின் நீதியாசனத்தின் முன் அவரவர் தனியேதான் நிற்க வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை.

ஆகவே நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இராயப்பரின் நிருபமும் அவருடைய மறுப்பும் ஒரே உண்மையின் இரு பக்கங்களே. அதிகாரம் கடவுளிடமிருந்து வருவதால் அதை மதிக்கிறோம். அது கடவுளிடமிருந்தே வருவதால் கடவுளுக்கு மேலே அதை வைப்பதில்லை.

இன்று வரிசையில் ஒழுங்காக நிற்கும் நாம் நாளை ஆசிரியையாக, மருத்துவராக, அரசு அலுவலராக, தாயாக, கன்னியராக ஆவோம். சட்டத்தை மதிப்போம். வரியையும் வாக்கையும் நேர்மையாகச் செலுத்துவோம். நம்மை ஆள்வோருக்காக நாள்தோறும் செபிப்போம். ஒருநாள், ஒரே ஒரு கையெழுத்துக்காக யாரேனும் நம் மனச்சாட்சியை விலை கேட்டால், அன்று கோபமின்றி, பணிவோடு, புன்முறுவலோடு மறுக்கும் அருளை ஆண்டவர் நமக்குத் தருவாராக. புனித தாமஸ் மோரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.